கொடும்பாளூரும் பதினெட்டு ரன்னும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குப் போகிறவர்களில் முக்காலே மூன்று வீசம் பேர் கொடும்பாளூரைப் பார்த்ததில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ராஜபாட்டை அவ்வளவு நேராகவும் அகலமாகவும் போய்க்கொண்டிருக்கிறது. விராலிமலையின் முருகனைத் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு, கண்ணை மூடித் திறந்தால் துவரங்குறிச்சி வந்துவிடுகிறது. நடுவில் புளிய மரங்களுக்கு அப்பால் இரண்டு கல் விமானங்கள் தலையை நீட்டிக்கொண்டு நிற்பதை யார் கவனிக்கிறார்கள்?

ஆனால் ஒரு காலத்தில் இந்த ஊரைக் கவனிக்காமல் யாரும் மதுரைக்குப் போக முடிந்ததில்லை. கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடந்த கதையைச் சொல்லும் சிலப்பதிகாரத்தில், மாங்காட்டு மறையோன் அவர்களுக்கு வழி சொல்லும்போது கொடும்பையின் குளக்கரையைக் குறிப்பிட்டு, அங்கிருந்து பாதை மூன்றாகப் பிரிகிறது என்கிறான். சிவபெருமானுடைய சூலத்தைப் போல் மூன்று கிளை! வடக்கே சோழ நாடு, தெற்கே பாண்டிய நாடு, இடையில் கொடும்பாளூர். இரண்டு யானைகளுக்கு நடுவே முளைத்த மரம் என்று சொல்லலாம். அந்த மரம் சில நூற்றாண்டுகள் வரையில் முறியாமல் நின்றது என்பதுதான் ஆச்சரியம்.

சரித்திரம் கற்பிக்கும் உபாத்தியாயனுக்கு இந்த ஊரைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை எழுவது இயற்கை. எனக்கு அது வெகுநாளாக இருந்தது. கல்லூரியில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் அந்தப் பக்கத்தில் ஆசிரியராயிருக்கிறார். கோடை விடுமுறையில் வருகிறேன் என்று சொல்லி, 2024-ம் வருஷம் மே மாதம் 18-ந் தேதி சனிக்கிழமையைக் குறிப்பிட்டேன். டெலிபோனில் அவர் ஒரு நிமிஷம் மௌனமாயிருந்தார். பிறகு, "அன்றைக்கா? சரி, சரி, வா. ஆனால் ராத்திரி ஏழரை மணிக்கு மேல் வீட்டில் யாரும் உன்னோடு பேசமாட்டார்கள். இப்போதே சொல்லிவிட்டேன்" என்றார்.

காரணம் திருச்சியில் பஸ் ஏறியதுமே விளங்கிவிட்டது. பஸ்ஸில் எல்லார் வாயிலும் ஒரே வார்த்தை: பதினெட்டு! முன் ஸீட்டில் பதினெட்டு, பின் ஸீட்டில் பதினெட்டு, டிக்கெட் கொடுத்துக்கொண்டே கண்டக்டர் சொன்னதும் பதினெட்டு. தமிழனுக்குப் பதினெட்டு என்பது புதிய எண் அல்ல. ஆடிப் பெருக்கு பதினெட்டு, கீழ்க்கணக்கு பதினெட்டு, கருப்பர் ஏறி நிற்கும் படியும் பதினெட்டு. ஆனால் இந்தப் பதினெட்டு, பெங்களூரில் அன்றிரவு நடக்கவிருந்த கிரிக்கெட் பந்தயத்தைச் சேர்ந்தது.

கிரிக்கெட் விஷயத்தில் அதிகப் பழக்கமில்லாத நேயர்களுக்காக விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கே இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னவள் நண்பருடைய மகள். பதின்மூன்று வயது. கணக்கிலே புலி. ஐ.பி.எல். என்னும் பந்தயத் தொடர் 2008-ம் வருஷம் ஆரம்பித்தது. 2024-ல் பத்துக் கட்சிகள். ஒவ்வொரு கட்சியும் 14 ஆட்டம் ஆடவேண்டும். ஜயித்தால் இரண்டு புள்ளி, மழையினால் ஆட்டம் நின்றுபோனால் ஆளுக்கு ஒன்று, தோற்றால் பூஜ்யம். கடைசியில் முதல் நான்கு இடத்தில் இருப்பவர்கள் மட்டும் மேல் சுற்றுக்குப் போவார்கள். மற்ற ஆறு பேரும் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். இரண்டு கட்சிகள் ஒரே புள்ளியில் நின்றால், நிகர ரன் விகிதம் என்ற ஒரு கணக்கைப் பார்ப்பார்கள். ஓர் ஓவருக்குச் சராசரியாக நாம் எத்தனை ரன் எடுத்தோம், எதிரிக்கு எத்தனை கொடுத்தோம், இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? அவ்வளவுதான்.

அன்று காலையில் கல்கத்தா, ராஜஸ்தான், ஹைதராபாத் ஆகிய மூன்று கட்சிகளும் உள்ளே போய்விட்டன. மிச்சம் ஒரே ஓர் இடம். வாசலில் நின்றவர்கள் சென்னையும் பெங்களூரும். சென்னைக்கு 14 புள்ளி, ரன் விகிதம் 0.528. பெங்களூருக்கு 12 புள்ளி, ரன் விகிதம் 0.387. சென்னை ஜயித்தால் பேச்சே இல்லை. மழை பெய்து ஆட்டம் நின்றாலும் சென்னைக்கே இடம். பெங்களூர் ஜயித்தால் இரண்டு பேருக்கும் 14. அப்போது ரன் விகிதம் பேசும். பெங்களூர் முதலில் ஆடி 200 ரன் அளவில் எடுத்தால், குறைந்தது 18 ரன் வித்தியாசத்தில் ஜயிக்கவேண்டும். பதினேழு ரன் வித்தியாசத்தில் தோற்றால் சென்னை தோற்றும் ஜயித்ததாகும்!

"தோற்றும் ஜயிப்பதா? இது என்ன நியாயம், அம்மா?" என்று கேட்டேன்.

"நியாயம் இல்லே மாமா, கணக்கு" என்றாள் அவள்.

இதில் பெங்களூர்க்காரர்களின் நிலைமைதான் ரசமானது. முதல் எட்டு ஆட்டத்தில் அவர்கள் ஏழைத் தோற்றிருந்தார்கள். ஏப்ரல் 21-ந் தேதி கல்கத்தாவில் ஒரே ஒரு ரன்னில் தோற்றபோது, அவர்களைப் பாடையில் வைத்துவிட்டார்கள் எல்லாரும். அதன் பிறகு ஐந்து ஆட்டங்களை வரிசையாக ஜயித்து, பாடையிலிருந்து எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு, இப்போது பந்தியிலே இலையும் கேட்கிறார்கள். சென்னைக்காரர்களோ சொந்த வீடாகிய சேப்பாக்கத்திலேயே லக்னோவிடம் ஒரு தடவை, பஞ்சாபிடம் ஒரு தடவை கோட்டை விட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றைக் காப்பாற்றியிருந்தால் இந்தப் பதினெட்டுக்கே அவசியம் இருந்திராது.

வெயில் தாழ்ந்ததும் நண்பரும் நானும் அந்தப் பெண்ணும் அவளுடைய தம்பியும் மூவர் கோயிலுக்குப் போனோம். தம்பிக்குப் பத்து வயது. மஞ்சள் சட்டை போட்டிருந்தான். முதுகில் 7 என்ற எண். அந்தச் சட்டையை மூன்று நாளாகத் துவைக்க விடவில்லையாம். துவைத்தால் அதிர்ஷ்டம் போய்விடுமாம்.

மூவர் கோயிலைப் பற்றி எழுதும்போது பேனா தயங்குகிறது. அத்தனை அழகு! கர்ப்பக்கிருஹம் மேற்கைப் பார்த்த மூன்று கற்றளிகள் ஒரே வரிசையில் இருந்தன. இன்று நடுக் கோயிலும் தெற்குக் கோயிலும் முழுமையாக நிற்கின்றன. வடக்குக் கோயிலுக்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். சுற்றிலும் பரிவார ஆலயங்களின் அஸ்திவாரங்கள் பல்வரிசை மாதிரி தெரிகின்றன. பெரிய கோபுரம், ஆயிரங்கால் மண்டபம் எல்லாம் இங்கே இல்லை. ராஜராஜன் தஞ்சாவூரில் மலையைப் போல் எழுப்பினான். கொடும்பாளூர் வேளிர் நகையைப் போல் இழைத்தார்கள். கையில் வீணை ஏந்துவதுபோல் நிற்கும் சிவனையும், பாதி உடலை அம்பிகைக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் சிவனையும் ஒரு தடவை பார்த்தவர்கள், கல் கடினமான வஸ்து என்று பிறகு சொல்லமாட்டார்கள். சில சிற்பங்கள் ஊரை விட்டுப் போய்க் கண்காட்சிச் சாலைகளில் குடியிருக்கின்றன. மத்திய சர்க்காரின் தொல்பொருள் இலாகாவினர் இடத்தைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். புல் தரையும் வேலியும் ஒழுங்காயிருக்கின்றன, ஜனங்களைத்தான் காணோம்.

நடுக் கோயிலின் சுவரில் கிரந்த எழுத்தில் ஒரு ஸம்ஸ்கிருத சாசனம் இருக்கிறது. ஆரம்பப் பகுதி சிதைந்துவிட்டது. மிச்சமிருப்பது இருக்குவேளிர் என்னும் இந்த ஊர்க் குறுநில மன்னர்களின் வம்சாவளி. அவர்களில் ஒருவனாகிய ஸமராபிராமன் சோழ ராஜகுமாரியான அனுபமாவை மணந்தான். அவர்கள் மகன் பூதி விக்கிரமகேசரி. பல்லவனுடைய சேனையை அடித்து அந்த ரத்தத்தால் காவிரித் தண்ணீரைச் சிவக்கச் செய்தவன் என்றும், வீரபாண்டியனை வென்றவன் என்றும் சாசனம் அவனைப் புகழ்கிறது. அவன்தான் தன் பெயரில் ஒன்றும், கற்றளி, வரகுணை என்னும் தன் இரு தேவிமார் பெயரில் இரண்டுமாக இந்த மூன்று விமானங்களை எடுப்பித்தான். காளாமுகத் துறவியான மல்லிகார்ஜுனருக்கு மடமும், ஐம்பது தபஸ்விகள் சாப்பிடுவதற்காகப் பதினொரு கிராமங்களும் கொடுத்தான். அவன் ஒன்பதாம் நூற்றாண்டினனா, பத்தாம் நூற்றாண்டினனா என்று பண்டிதர்கள் நீண்ட காலமாக வாதாடி வருகிறார்கள். நாம் அந்தச் சண்டையில் தலையிட வேண்டாம்; இன்றைக்கு ஒரு சண்டை போதும்.

என் மனத்தைக் கவர்ந்தது வேறொரு விஷயம். இந்தப் பூதிக்குச் சாசனங்களில் பல பட்டங்கள் காணப்படுகின்றன. ஓரிடத்தில் தென்னவன் இளங்கோவேள். இன்னோரிடத்தில் செம்பியன் இருக்குவேள். இரண்டும் ஒருவனே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். தென்னவன் என்றால் பாண்டியன். செம்பியன் என்றால் சோழன். முன்னே பாண்டியனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தவன் பின்னே சோழனுடைய சட்டைக்கு மாறினான் என்று தோன்றுகிறது. எல்லைப்புறத்து ஊர்க்காரனுக்கு வேறு வழி என்ன? சுமார் 880-ல் திருப்புறம்பியத்தில் பல்லவனும் பாண்டியனும் மோதினார்கள். பல்லவன் ஜயித்தான். ஆனால் லாபம் அடைந்தவன் பக்கத்தில் நின்ற சோழன்! இரண்டு பெரியவர்களுக்கு நடக்கும் சண்டையில் மூன்றாமவனின் தலையெழுத்து தீர்மானமாகிறது. இது ராஜ்ய விவகாரத்துக்கு மட்டும் உரிய விதியல்ல என்பதை அன்றிரவு கண்கூடாகப் பார்த்தேன்.

இதை நான் சொன்னபோது பையன் குறுக்கிட்டான். "அப்படின்னா கொடும்பாளூர் ராஜா சி.எஸ்.கே.யா, ஆர்.சி.பி.யா?" என்றான்.

சிரிக்கவேண்டாம். நல்ல கேள்விதான். 2016-ல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் என்னும் நம் மாகாணப் பந்தயத்தில் மதுரைக்கு ஒரு கட்சி உண்டு. திருச்சிக் கட்சி 2024-ல் வைத்துக்கொண்ட பெயர் என்ன தெரியுமா? 'கிராண்ட் சோழாஸ்'! ஆயிரம் வருஷம் கழித்தும் கொடும்பாளூர் சோழனுக்கும் மதுரைக்கும் நடுவில்தான் இருக்கிறது.

கோயிலிலிருந்து முசுகுந்தேசுவரர் ஆலயத்துக்குப் போய் அங்கிருந்த பெரிய ஒற்றைக்கல் நந்தியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீடு திரும்பினோம். வழியில் ஏரியின் நிலைமையைப் பார்த்தேன். தரை தெரிந்தது. புதுக்கோட்டைச் சீமை வானம் பார்த்த பூமி. ஏரிகளையும் ஊருணிகளையும் நம்பிப் பிழைக்கும் ஜனங்கள். மேகம் கவிந்திருந்தும் ஒரு சொட்டு விழவில்லை.

ஏழு மணிக்கு நண்பருடைய வீட்டுத் திண்ணையிலும் முற்றத்திலும் தெருவில் பாதி கூடிவிட்டது. டெலிவிஷன் பெட்டியை ஜன்னலுக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தார்கள். இளைஞர்கள் பத்துப் பேர், பள்ளிப் பிள்ளைகள், சுவரோரமாக ஸ்திரீகள். நடுநாயகமாகக் கயிற்றுக் கட்டிலில் நண்பருடைய தாயார். எண்பதைத் தாண்டியவர். எல்லாரும் அவரை அப்பத்தா என்றே கூப்பிட்டார்கள்.

பெங்களூர்க்காரர்கள் முதலில் ஆடினார்கள். மூன்று ஓவரில் 31 ரன். அப்போது மழை வந்தது, பெங்களூரில்! முற்றத்தில் ஒரே ஆரவாரம். "பெய்யட்டும், கொட்டட்டும்!" என்று கத்தினார்கள். சொந்த ஏரி வறண்டு கிடக்க, இருநூறு மைலுக்கு அப்பால் மழை வேண்டிப் பிரார்த்தனை செய்த ஜனங்களை என் வாழ்நாளில் அன்றுதான் கண்டேன். ஆனால் சின்னசாமி மைதானத்தின் தரைக்கு அடியில் 2017-ல் ஒரு யந்திர ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். மேலே விழும் தண்ணீரைக் கீழே இருந்து உறிஞ்சி இழுத்துவிடும். அகஸ்தியர் கடலைக் குடித்ததுபோல் அது மழையைக் குடித்துவிட்டது. ஆட்டம் மறுபடி தொடங்கியது.

டூ பிளெஸிஸ் 54, விராட் கோலி 47, பட்டிதார் 41, கிரீன் 38. இருபது ஓவரில் 5 விக்கெட்டுக்கு 218. பெண் உடனே சிலேட்டில் எழுதினாள்: ஜயிக்க 219, உள்ளே போக 201.

சென்னை ஆடத் தொடங்கிய முதல் பந்திலேயே தலைவர் ருதுராஜ் கெய்க்வாட் போய்விட்டார். பிறகு ரச்சின் ரவீந்திராவும் ரஹானேயும் வண்டியை மேட்டில் இழுத்தார்கள். ரச்சின் 61 எடுத்து ஓடும்போது சிக்கினார். 129-ல் ஆறாவது விக்கெட் விழுந்தது. ஸான்ட்னர் அடித்த பந்தை டூ பிளெஸிஸ் பின்பக்கமாகத் துள்ளி ஒற்றைக் கையால் பிடித்தார். நாற்பதாவது வயதை எட்டப்போகும் மனிதர்! எதிரியாயிருந்தாலும் நான் 'பேஷ்!' என்று சொல்லிவிட்டேன். பத்து ஜோடிக் கண்கள் என் மேல் திரும்பின.

உள்ளே வந்தவர் தோனி. அந்த வருஷம் மார்ச்சு மாதந்தான் தலைமைப் பதவியைத் துறந்து, இளையவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சாதாரணச் சிப்பாயாக நின்றார். மறுபக்கம் ஜடேஜா. இருவரும் 27 பந்தில் 61 ரன் குவித்தார்கள். ஒவ்வொரு பந்துக்கும் சிலேட்டில் எண் அழிந்து அழிந்து குறைந்தது.

கடைசி ஓவர். ஜயிக்க 35 வேண்டும். அது நடக்கிற காரியமில்லை. உள்ளே போக 17 வேண்டும், அது நடக்கக்கூடியது. பந்து போட வந்த இளைஞர் யஷ் தயாள். இவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. அதற்கு முந்தைய வருஷம், 2023 ஏப்ரல் 9-ந் தேதி, ஆமதாபாத்தில் குஜராத் கட்சிக்காக இதே மாதிரி கடைசி ஓவர் போட்டார். கல்கத்தாவுக்கு 29 ரன் தேவை. ரிங்கு ஸிங் கடைசி ஐந்து பந்திலும் ஐந்து ஸிக்ஸர் அடித்துவிட்டார். தேசம் முழுவதும் அந்தப் பையனைப் பார்த்துச் சிரித்தது. அவர் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்த படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் ஏலத்தில் பெங்களூர் அவரை ஐந்து கோடி ரூபாய்க்கு எடுத்தபோது மறுபடியும் சிரித்தது. அதே பையன், அதே கடைசி ஓவர், எதிரில் தோனி!

முதல் பந்து. தோனி அடித்தார். 110 மீட்டர்! பந்து மைதானத்தை விட்டே போய்விட்டது. முற்றத்தில் எழுந்த கோஷத்தில் மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. இனி ஐந்து பந்தில் 11. பையன் என் தோளைப் பிடித்துக் குலுக்கினான்.

நேயர்களே, நன்மையே தீமையாகும் விசித்திரத்தை இங்கே பாருங்கள். போன பந்து ஈரமானது, கையில் வழுக்கும். அது தொலைந்தபடியால் மாற்றுப் பந்து கொடுத்தார்கள். அது உலர்ந்த பந்து. அந்த அடிதான் தங்களுக்குக் கிடைத்த பெரிய உபகாரம் என்று பெங்களூர்க் கட்சியின் தினேஷ் கார்த்திக் பிற்பாடு சொன்னார்.

இரண்டாவது பந்து மெதுவாக வந்தது. தோனி அடித்தார். எல்லையோரத்தில் ஸ்வப்னில் ஸிங்கின் கைக்குள் போய் விழுந்தது.

அதற்குப் பிறகு நான்கு பந்துகளில் ஒரே ஒரு ரன் வந்தது. 191. பெங்களூருக்கு 27 ரன் வித்தியாசத்தில் ஜயம். ஆனால் அந்த 27-ஐ யாரும் பேசவில்லை; உள்ளே போவதற்கு இன்னும் பத்து ரன் எடுத்திருந்தால் போதும் என்பதைத்தான் பேசினார்கள். பட்டியலில் பெங்களூர் 0.459, சென்னை 0.392. இரண்டு மாதம், 14 ஆட்டம், ஆயிரக்கணக்கான ரன்கள். எல்லாம் கடைசியில் தசம ஸ்தானத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டன.

இப்படிக் கடைசி நாளில் தலை கீழாவது நம் தேசத்தின் விசேஷம் மட்டுமல்ல. அமெரிக்காவில் பேஸ்பால் என்னும் பந்தாட்டம் நடக்கிறது. அங்கே ஒரு கட்சி வருஷத்துக்கு 162 ஆட்டம் ஆடவேண்டும். 2011-ம் வருஷம் செப்டம்பர் ஆரம்பத்தில் பாஸ்டன் கட்சி, தம்பா கட்சியை விட ஒன்பது ஆட்டம் முன்னால் இருந்தது. பிறகு சறுக்கிச் சறுக்கிச் செப்டம்பர் 28-ந் தேதி இரண்டும் சமமாக நின்றன. அன்று 162-வது ஆட்டம். பாஸ்டன் பால்டிமோரிடம் கடைசி நிமிஷத்தில் தோற்றது. தம்பாவோ நியூயார்க்குக்கு எதிராக ஏழு ரன் பின்னால் இருந்து மீண்டு, பாஸ்டன் தோற்ற சில நிமிஷங்களுக்குள் லாங்கோரியா என்பவர் அடித்த ஒரே அடியில் ஜயித்து உள்ளே போய்விட்டது. ஆறு மாத உழைப்பு சில நிமிஷங்களில் தீர்ந்தது. அந்த இரவில் பாஸ்டனிலும் ஏதோ ஒரு முற்றத்தில் ஒரு பையன் அழுதிருப்பான்.

இந்த முற்றத்தில் நம் பையன் அழவில்லை. மஞ்சள் சட்டையைக் கழற்றினான். மடித்தான். தூணோரமாக வைத்தான். பிறகுதான் அழுதான். "அவர் இனிமே ஆடமாட்டார், மாமா" என்றான். அன்று நாடு முழுவதும் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியவில்லை. வகுப்பிலே பானிப்பட்டு யுத்தத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிற வாய்க்கு அப்போது ஒரு வார்த்தை வரவில்லை.

அப்பத்தாதான் மௌனத்தைக் கலைத்தார். "ஏப்பா, இம்புட்டு அழுவுறீகளே. நம்ம பக்கம் ஆடுனதுல நம்ம ஊர்ப் பய ஒருத்தனாச்சும் உண்டா?" என்று கேட்டார்.

யாரும் பேசவில்லை. பெண் விரல்விட்டு எண்ணினாள். மஹாராஷ்டிரம், ஜார்க்கண்டு, குஜராத்து, பம்பாய், நியூஸிலாந்து, இலங்கை. அன்று சென்னைக்காக மைதானத்தில் இறங்கியவர்களில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை! அந்த மைதானத்தில் சென்னையில் பிறந்து தமிழ்நாட்டுக் கட்சிக்காக ஆடி வளர்ந்தவர் ஒருவர் இருந்தார். அவர்தான் தினேஷ் கார்த்திக். எதிர்க் கட்சியில் இருந்தார்.

"அப்ப அந்தப் பயலாச்சும் செயிச்சானே. விடு" என்றார் அப்பத்தா. "எந்திரி, சாப்பிடு."

எனக்குச் சுவரில் படித்த தென்னவனும் செம்பியனும் நினைவுக்கு வந்தார்கள். பட்டத்தை ஏலத்தில் எடுக்கிறவன் அந்தக் காலத்திலும் இருந்தான். தேசாபிமானம் மிகுந்த நண்பர் ஒருவர் இதைக் கேட்டால், கூலிக்கு ஆடுகிறவர்களுக்காக நம் குழந்தைகள் அழுவதா என்று சீறுவார். நான் அவ்வளவு தூரம் போகத் தயாராயில்லை. ராஞ்சியில் பிறந்த மனிதரைக் கொடும்பாளூர்ப் பையன் தன் வீட்டுப் பெரியவராக எண்ணுவதில் எனக்கு ஒரு திருப்தியே உண்டாகிறது. ஆனால் சீமைக் கம்பெனிகளின் விளம்பரங்கள் ஓவருக்கு ஓவர் அவன் கண்ணில் மண்ணைத் தூவுவது பிடிக்கவில்லை. பந்தய ஆட்டத்தில் பணம் கட்டச் சொல்லும் விளம்பரங்கள் அப்போது சர்வ சாதாரணமாக வந்துகொண்டிருந்தன; 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு சட்டம் செய்து அந்த வியாபாரத்தை நிறுத்தியது நல்ல காரியம்.

சாப்பிடும்போது அப்பத்தா இடங்கழி நாயனாரின் கதையைச் சொன்னார். அறுபத்து மூவரில் ஒருவரான இடங்கழியார் இதே கொடும்பாளூரில் அரசு புரிந்தவர். சிவனடியாருக்கு அன்னமிட வழியில்லாமல் ஓர் அடியார் ராஜாவின் களஞ்சியத்தில் நெல்லைத் திருடிப் பிடிபட்டார். காரணத்தைக் கேட்ட ராஜா, களஞ்சியத்தையே திறந்துவிட்டு, வேண்டிய அடியார் எல்லாம் எடுத்துக்கொள்ளலாம் என்று பறை அறையச் சொன்னார். எத்தனை மரக்கால் என்று கணக்குப் பார்க்கவில்லை. பையன் கதையைப் பாதியில் கேட்டபடியே தூங்கிப்போனான்.

அந்தப் பெங்களூர்க் கட்சி மேல் சுற்றில் நாலு நாள்தான் இருந்தது. மே 22-ந் தேதி ஆமதாபாத்தில் ராஜஸ்தானிடம் தோற்று வெளியேறியது. கார்த்திக்குக்கு அதுவே கடைசி ஐ.பி.எல். ஆட்டம். மே 26-ல் சேப்பாக்கத்தில் நடந்த முடிவு ஆட்டத்தில் ஹைதராபாத்தை 113 ரன்னில் சுருட்டிக் கல்கத்தா கோப்பையைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

2025-ல் சக்கரம் சுழன்றது. பதினேழு வருஷம் காத்திருந்த பெங்களூர், ஜூன் 3-ந் தேதி ஆறு ரன் வித்தியாசத்தில் பஞ்சாபை வென்று முதல் தடவையாகக் கோப்பையை எடுத்தது. மறுநாள் அதே சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் வெற்றியைக் கொண்டாட வந்த ஜனத்திரளில் நெரிசல் ஏற்பட்டுப் பதினோரு பேர் மாண்டார்கள். பெரும்பாலும் இளம் வயதினர். அந்தச் செய்தியைப் படித்தபோது கொடும்பாளூர் முற்றத்தில் ஜன்னலை நோக்கி நெருக்கி நின்ற பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக என் முன் வந்தன. நெடுநேரம் பத்திரிகையை மூட முடியவில்லை.

தோனி அந்த வருஷமும் ஆடத்தான் செய்தார். ஆனால் சென்னைக் கட்சி ஏப்ரல் மாதமே ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்ட முதல் கட்சியாகி, சரித்திரத்தில் முதல் தடவையாகக் கடைசி இடத்தில் போய் நின்றது. பையனுக்கு எப்படி இருக்கிறதோ என்று விசாரித்து நண்பருக்கு எழுதினேன். பதில் அந்தப் பெண்ணிடமிருந்து வந்தது. தம்பி சட்டை போடுவதை விடவில்லையாம். இப்போது துவைக்கச் சம்மதிக்கிறானாம். ஏரியில் தண்ணீர் இருக்கிறதாம். அடியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்:

"இந்தத் தடவையும் கணக்குப் போட வேண்டியிருந்தது, மாமா. ராஜஸ்தானுக்கும் எட்டுப் புள்ளி, நமக்கும் எட்டுப் புள்ளி. ரன் விகிதத்தில்தான் கடைசி இடம் நமக்கு வந்தது."